உப்புக்காத்துல ஒரு சி.பி.யு.!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கடைக்காரர் ஆன் பண்ணிக் காட்டினப்போ ஜம்முனு ஓடின சிஸ்டம். காசைக் கொடுத்து, அட்டைப்பெட்டியில வெச்சுக் கயித்தால கட்டி, பொன்னேரி வரைக்கும் ஒரு பஸ், அங்கேருந்து பழவேற்காட்டுக்கு இன்னொரு பஸ்னு தூக்கிட்டு வந்து, வீட்டுல வெச்சு பட்டனை அமுக்கினா... கம்முனு உட்கார்ந்திருக்கு!

கோரைக்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம்னு ஏரிப் பக்கத்துல இருந்து காலேஜுக்குக் கிளம்பி வர்ற மக்களே, இந்த வாரம் உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம். மெரினா பக்கம் ஹாஸ்டல்ல இருந்தாலும் உப்பு உப்புதானே!

அப்பா இறால் வித்த காசு, அம்மா சுயஉதவிக் குழுவுல எடுத்த லோன்... அதுல வந்த மெஷின் ஓடலைன்னா வயித்துல புளியைக் கரைக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது "மதர்போர்டு போச்சு தம்பி"ன்னு சொன்னா நம்பிடத் தோணும். அவசரப்படாதீங்க. கடையில ஓடி வீட்டுல ஓடாத மெஷின்ல பெரும்பாலும் எதுவும் செத்திருக்காது. எங்கேயோ தொடர்பு விட்டிருக்கும், அவ்வளவுதான். வலையில எந்தக் கண்ணு அறுந்திருக்குன்னு பார்க்காம மொத்த வலையையும் தூக்கிப் போடுவோமா?

இப்போ செகண்ட்ஹேண்ட் மெஷின் இவ்வளவு குவியறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. இன்டெல்ல எட்டாவது தலைமுறைக்கு முந்தின பிராசஸர்களை (ஒண்ணு ரெண்டைத் தவிர) விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்காது. ஆபீஸ்கள் இதையெல்லாம் கழிச்சுக் கட்டுது. டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்.பி., லெனோவோ... எல்லாமே நல்லா உழைச்ச, இன்னும் உழைக்கக்கூடிய மெஷின்கள். ஏ.சி. ரூம்லேயே வாழ்ந்த அந்த மெஷின் திடீர்னு நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வருது. சிக்கல் அங்கதான்!

முதல் வில்லன் பஸ். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் குலுங்கினா ராம் ஸ்லாட்ல கொஞ்சம் எழும்பும், கேபிள் நழுவும். ரெண்டாவது வில்லன் உப்பு. மழைக்காலத்துல உப்பு ஜாடி தண்ணி விட்டுக்கும்ல? காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாப்பாட்டு உப்பு தண்ணியை இழுத்துத் தானே கரையும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கறதால அது இன்னும் சீக்கிரமே கசியும். ஏரிக்கரையில ராத்திரியும் விடியக்காலையும் அந்த ஈரம் சர்வசாதாரணம். சி.பி.யு. ஃபேன் காத்தை இழுக்கும்போது உப்பையும் சேர்த்துத்தான் இழுக்குது. பழவேற்காட்டுல இருக்கிற 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைக் கல்லு இந்தக் காத்தைத் தாங்கி நிக்குது. ராம் ஸ்லாட்டு பின்னு தாங்குமா? கைப்புள்ள மாதிரி கொஞ்ச நாள் உதார் விட்டுட்டு படுத்துடும்!

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல "ஆன் ஆகலை"ன்னா என்னன்னு முடிவு பண்ணுங்க. லைட், ஃபேன் எதுவுமே இல்லையா? ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் இருட்டா? இல்ல, எழுத்து வருது, விண்டோஸ் வரலையா? மூணும் மூணு வியாதி.

எதுவுமே இல்லைன்னா கரன்ட்ல இருந்து ஆரம்பிங்க. "அதே பாயின்ட்ல செல்போன் சார்ஜ் ஏறுதே"ன்னு சொல்லாதீங்க பாஸ். செல் சார்ஜர் 100 வோல்ட்லயும் ஓடும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது பத்தாது. சாயங்காலம் ஊரே லைட் போடற நேரத்துல வோல்டேஜ் இறங்கற வீடா இருந்தா, காலையில ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. மானிட்டருக்குப் போற பவர் கார்டை சி.பி.யு.வுல மாட்டிப் பாருங்க, பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணுதான். பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ல குட்டி சுவிட்ச் இருந்தா அது ஆன்ல இருக்கணும். பக்கத்துல 115/230-ன்னு சிவப்பு சுவிட்ச் இருந்தா அது 230-ல இருக்கணும். 115-ல வெச்சு நம்ம வீட்டுக் கரன்டைக் கொடுத்தா டமார்தான்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சலுகை. நிறைய மாடல்ல எஸ்.எம்.பி.எஸ். பின்னாடியே ஒரு டெஸ்ட் பட்டனும் குட்டி லைட்டும் இருக்கும். அமுக்கினா பச்சை எரிஞ்சா எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் நல்லா இருக்குன்னு அர்த்தம். "பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால சேர்த்துப் பாரு"ன்னு நண்பர்கள் சொல்ற வித்தை, வழக்கமான 24 பின் கனெக்டருக்கு மட்டும்தான். இந்த ஆபீஸ் மெஷின்கள் பலதுல கம்பெனி தன் இஷ்டத்துக்கு வேற கனெக்டர் வெச்சிருக்கும். அதுல கம்பியை விட்டு விளையாடாதீங்க.

கரன்ட் சரி, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சரின்னா முன்பக்க பவர் பட்டனைச் சந்தேகப்படுங்க. நம்ம ஊர்ல இது முக்கியமான ஆளு. உள்ளே இருக்கிற சின்ன சுவிட்ச் பாசி பிடிச்சுப் போயிருக்கும். சாதாரண அசெம்பிள்டு கேபினெட்டா இருந்தா, ரீசெட் பட்டன்ல இருந்து வர்ற வயரைக் கழட்டி போர்டுல பவர் சுவிட்ச் பின்னுல மாட்டிட்டு, ரீசெட்டை அமுக்குங்க. மெஷின் எழுந்துட்டா வேலை முடிஞ்சது. மதர்போர்டு காசு மிச்சம்!

இனி, ஃபேன் சுத்தும், ஸ்கிரீன் இருட்டு கேஸ். அதிகமா வர்றது இதுதான். முதல்ல மானிட்டர் கேபிள் சரியான இடத்துல இருக்கான்னு பாருங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அதுல மாட்டணும், போர்டுல இல்ல. அப்புறம் பவர் கார்டைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க, மிச்ச மீதி கரன்ட் வடியட்டும். பக்கவாட்டு மூடியைக் கழட்டி, கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு, ராமை எல்லாம் வெளியே எடுங்க.

இப்போ ஒரு சூப்பர் சோதனை. ராம் எதுவும் இல்லாமலே ஆன் பண்ணுங்க. மெஷின் பீப் பீப்னு கத்துச்சுன்னா, இல்ல பவர் லைட் ஒரு கணக்கா விட்டு விட்டு மின்னுச்சுன்னா, சந்தோஷப்படுங்க. "ராம் எங்கடா?"ன்னு கேட்கிற அளவுக்கு பிராசஸரும் போர்டும் உயிரோட இருக்கு. பிரசவ வார்டுல குழந்தை அழுதா சந்தோஷப்படறோமே, அதே கதைதான். கத்தவும் இல்ல, மின்னவும் இல்லைன்னா உடனே ஒப்பாரி வேண்டாம். சில போர்டுல ஸ்பீக்கரே இருக்காது.

ராம் காலுல இருக்கிற தங்க முலாம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ரப்பர் வெச்சுத் தேய்க்கிறது நம்ம நாட்டு வைத்தியம், வேலையும் செய்யும். ஆனா மாசா மாசம் தேய்ச்சா முலாம் போயிடும், ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள்ள போய் புதுத் தலைவலி. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கிடைச்சா அதைத் துணியில தொட்டுத் துடைக்கிறது நல்லது. ஸ்லாட்டைப் பெயின்ட் பிரஷ்ஷால தட்டி விடுங்க, வாயால ஊதாதீங்க. எச்சிலும் ஈரம்தான்! அப்புறம் ஒரே ஒரு ராமை மட்டும் ஒரு ஸ்லாட்டுல, ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் கேட்கிற வரைக்கும் அமுக்கி மாட்டி ஆன் பண்ணுங்க. வரலையா? ஸ்லாட்டை மாத்துங்க. அப்பவும் வரலையா? ராமை மாத்துங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். நாலை ஒண்ணா மாத்திட்டா எது சரி பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

மூணாவது கேஸ், விண்டோஸ் வராதது. காசு மாதிரி வட்டமா இருக்கிற சி.ஆர். 2032 பேட்டரியைக் கவனிங்க. குடோன்ல மாசக்கணக்கா கிடந்த மெஷின்ல அது தீர்ந்திருக்கும். தேதி பழசாகும், பயாஸ் செட்டிங்கும் கம்பெனி நிலைக்குப் போயிடும். ஹார்ட்டிஸ்க் முறை ஏ.ஹெச்.சி.ஐ.யில இருந்து ரெய்டுக்கு மாறினாலே போதும், விண்டோஸ் வராது. ஹார்ட்டிஸ்க் மேல பழி விழும். புது பேட்டரி போட்டு, பயாஸ்ல பழையபடி மாத்திட்டா எழுந்துடும்.

கன்டென்சர் வீங்கியிருக்கான்னும் ஒரு கண்ணு பாருங்க. 2000-களோட முதல் பாதியில மோசமான கன்டென்சர் உலகம் முழுக்கப் போர்டுகளைக் கொன்னுச்சு. 2005-ல டெல் மட்டுமே இதுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாச்சு. அந்தக் காலத்து மெஷின் யாராவது சும்மா கொடுத்தாலும் ஒரு கும்பிடு போட்டுடுங்க.

தொடக்கூடாத ஒரே இடம் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவோட உள்பக்கம். வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டி.சி.யா கன்டென்சர்ல தங்கும், கார்டைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அப்புறம், கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குதா? வீட்டுல எர்த் சரியில்லைன்னு அர்த்தம். நம்ம ஈர உப்பு மண்ணு எர்த்துக்கு அருமையான மண்ணு. ஆனா புதைச்ச இரும்பு சீக்கிரமே துருப்பிடிச்சுடும், எலக்ட்ரீஷியனை விட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

மெஷின் எழுந்துட்டா, ஏரியைப் பார்த்த ஜன்னல் பக்கத்துல இருந்து தள்ளி வைங்க. மழைக்காலத்துல பாலிதீன் போட்டுச் சுத்திக் கட்டாதீங்க, உள்ளே புகுந்த ஈரம் அங்கேயே வேகும். தினமும் அரை மணி நேரம் ஓட விடுங்க, அந்தச் சூடே உள்ளே காய வெச்சுடும்.

இவ்வளவு பண்ணியும் எழலைன்னா சர்வீஸ் கடைக்குத்தான் போகணும். என்னென்ன பண்ணிப் பார்த்தீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, அவருக்கும் வேலை மிச்சம். "போர்டை மாத்திட்டேன்"னு சொன்னா, கழட்டின பழைய போர்டைக் கையில வாங்கிட்டுக் காசைக் கொடுங்க.