போபர்ஸ்னா ஊழல் மட்டும்தானா? சுட்டவர் காது என்ன ஆச்சுன்னு யார் கேட்பது?



போபர்ஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கமிஷன், சுவிஸ் வங்கி, 1989 தேர்தல். 410 பீரங்கி வாங்க 1986இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதைப் பற்றி இந்த நாட்டில் பேசாத மேடை கிடையாது. ஆனால் 1999இல் திராஸிலும் பட்டாலிக்கிலும் அந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று குண்டு ஏற்றியவர், சுட்டவர், எதிரியின் குண்டு விழ விழ மலைச்சரிவில் ஏறியவர், இவர்களுடைய காதும் தலையும் பிற்பாடு என்ன ஆச்சு என்று எந்த மேடையிலும் ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை.

டெல்லி விவகாரம் என்று நகர்ந்துவிடாதீர்கள். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ‘மிலிட்டரிக்காரர் வீடு’ இருக்கும். மதுரையில் ஏடிஎம் வாசலில், ஜவுளிக்கடை வாசலில், அபார்ட்மெண்ட் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகளில் எத்தனை பேர் முன்னாள் படைவீரர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். நீங்கள் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்வார். வீட்டில் டிவியை அலற விடுவார். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போட்டால் சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவார். ‘பட்டாளத்தாருக்குக் காது மந்தம்’ என்று ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும்.

சிரிக்கிற விஷயமா இது? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சிவகாசி வெடிக்கு நம் சட்டம் வைத்திருக்கிற உச்சவரம்பு, நாலு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபல். திடீர்ச் சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லை 140 என்பது உலகமெங்கும் எடுத்துக்கொள்ளும் அளவு. 155 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுடும் குழுவினர் நிற்கும் இடத்தில் அது 170ஐத் தாண்டும். 170க்கும் 140க்கும் முப்பதுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் 20 கூடினால் அழுத்தம் பத்து மடங்கு கூடும். அந்த முப்பதுக்கு அர்த்தம் முப்பது மடங்குக்கும் மேலான அழுத்தம்! அதைச் சத்தம் என்று சொல்வதே சரியில்லை, அது அடி. நெஞ்சில், வயிற்றில், மண்டைக்குள் விழுகிற அடி. காதை முழுசாகப் பொத்தினால் கட்டளை கேட்காது. கட்டளை கேட்காவிட்டால் பக்கத்தில் நிற்பவன் உயிருக்கு ஆபத்து. அதனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு அடி வாங்கியவர்கள் ஏராளம்.

கார்கில் போரில் நம் பக்கமிருந்து மட்டும் சுமார் 2,50,000 குண்டுகளும் ராக்கெட்டுகளும் போயின என்பது ராணுவம் சொன்ன கணக்கு. டைகர் ஹில் பிடிபட்ட நாளில் மட்டும் 9,000.

இது நாம் சுட்டது. எதிரி சுடுவது வேறு மாதிரி. தூரத்தில் ‘டொம்’ என்று ஒன்று கேட்கும். அப்புறம் சில நொடி ஒன்றுமில்லை. அந்தச் சில நொடியில் குண்டு எங்கே விழப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. சீழ்க்கை மாதிரி தலைக்கு மேலே தாண்டிப் போனால் பிழைத்தோம். மலையில் இன்னொரு கொடுமை, குண்டு விழும் இடத்துப் பாறையும் சில்லுச் சில்லாகத் தெறித்து அதுவே குண்டாகிவிடும். ஒளிந்திருப்பது கல்லை அடுக்கிய ஒரு மறைப்புக்குப் பின்னால். எதிர்த்துச் சுட ஆளும் கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதை மணிக்கணக்காக, நாள்கணக்காக அனுபவித்த மனுஷன் ஊருக்கு வந்து அதிர்வேட்டுக்கு எழுந்து போனால் அதற்குப் பெயர் பயமா?

முதல் உலகப்போரில் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். 1915இல் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல் மருத்துவ இதழில் ஏறியது. ஆனாலும் கோழைத்தனம், ஓடிப்போனது என்று குற்றம்சாட்டிச் சொந்த வீரர்களையே பிரிட்டன் நிற்கவைத்துச் சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது எப்போது தெரியுமா? 2006இல். தொண்ணூறு வருஷம் கழித்து!

அமெரிக்காவில் இப்போதுதான் முழித்திருக்கிறார்கள். 2016, 2017இல் சிரியாவிலும் ஈராக்கிலும் பீரங்கி சுட்ட அவர்களுடைய வீரர்கள் எதிரியின் குண்டு மேலே படாமலே தூக்கம் கெட்டு, ஞாபகம் கெட்டு, மனம் உடைந்துபோனதை 2023இல் நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. தாங்கள் சுட்ட பீரங்கியின் அதிர்வே மூளையைப் பாதித்திருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. 2024 ஆகஸ்டில் அங்கே பாதுகாப்புத் துறை உத்தரவு போட்டது: புதிதாகச் சேருபவரின் மூளைச் செயல்பாட்டை முதலிலேயே பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும், வெடி அதிர்வுக்கு இவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று.

இங்கே என்ன நிலைமை?

பணியில் இருக்கும்போது ‘காது கேட்கலை சார்’ என்று சொன்னால் மெடிக்கல் கேட்டகிரி இறங்கும், பிரமோஷன் போகும். அதனால் ஜவான் வாயைத் திறப்பதில்லை. ரிலீஸ் மெடிக்கல் போர்டில் சொன்னால் ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அல்லது பாதிப்பு 20 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதினால் போதும், ஊன ஓய்வூதியம் கிடையாது. பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் இருந்தவனுக்குக் காது போனது பணியால் இல்லை என்றால், வேறு எதால் போனதாம்?

உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை என்றது. 2014இல் ராம் அவதார் வழக்கில், தகுதியான பாதிப்பு 50க்குக் கீழே இருந்தால் அதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் உண்டு என்றது. இவ்வளவுக்குப் பிறகும் 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு புது விதி கொண்டுவந்து, பாதிப்போடு பணியில் தொடர்ந்தவர்களுக்கு ‘பாதிப்பு நிவாரணம்’ என்று தனிப்பெயர் வைத்துத் தள்ளி நிறுத்தியது. ‘தவறாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்பது காரணம். யார்? ஓய்வுபெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேரும், ஜவான்கள் மட்டத்தில் 15 முதல் 18 சதவீதம் பேரும்தான் ஊன ஓய்வூதியம் பெறுகிறார்கள் என்று தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை அதே வருடம் சொன்னது. பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், பைலை நகர்த்தத் தெரிந்தவர் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்னிவீரர் கதை இன்னும் மோசம். 2025 மே மாதம் எல்லையில் பாகிஸ்தான் குண்டுமழை பொழிந்தபோது, மே 9 அன்று உயிர்விட்ட முரளி நாயக் நம் பக்கத்து ஆந்திராக்காரர், அக்னிவீரர். மற்ற வீரர்களுக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவருடைய தாய் பம்பாய் உயர் நீதிமன்றப் படியேறியிருக்கிறார். குண்டுக்கு வித்தியாசம் தெரியாது. அரசுக்குத் தெரிகிறது. உயிரோடு திரும்புகிறவர்கள் கதி? நூற்றுக்கு 75 பேரை நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் கிடையாது. காதின் உள் நரம்பு செத்தால் திரும்ப முளைக்காது. ஆனால் அது முழுசாக வெளியே தெரிய வருஷங்கள் ஆகும். முப்பது வயதில் காது போகிற பிள்ளை எந்தக் கதவைத் தட்டுவான்?

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருப்பது சென்னையில். பேரையூரிலிருந்து எழுபது வயது மனுஷன், காது கேட்காதவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்து 450 கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டும். 2004இல் உயர் நீதிமன்றக் கிளையே மதுரைக்கு வந்துவிட்டது. தீர்ப்பாயம் மாதத்தில் சில நாளாவது மதுரையில் அமர்ந்தால் என்ன? தென்மாவட்டம் அத்தனைக்கும் பயன். கல்வானில் 2020இல் வீரமரணம் அடைந்த ஹவில்தார் பழனி கூட திருவாடானை பக்கத்துக் கடுக்கலூர்க்காரர்தான், அவரும் பீரங்கிப் படைதான். அஞ்சலி செலுத்த வந்த கார்கள் எத்தனை! அதே மாவட்டத்தில் உயிரோடு இருக்கிற பீரங்கிக்காரருக்கு ஒரு விசாரணை நாள் உள்ளூரில் கிடையாது.

இதைக் கேட்டால் ‘ராணுவத்தைக் கொச்சைப்படுத்துறாங்க’ என்று ஒரு கூட்டம் கமெண்டில் கிளம்பும். கிளம்பட்டும். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உன் தெருவில் இருக்கிற முன்னாள் வீரரிடம் கடைசியாக எப்போது பேசினாய்?

நம் கோரிக்கை பெரிதில்லை. பீரங்கிப் படையில் இருப்பவருக்கு வருடா வருடம் காது பரிசோதனை செய்து அதன் நகலை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். எத்தனை குண்டு சுடும்போது பக்கத்தில் இருந்தார் என்ற கணக்கு அவருடைய சர்வீஸ் பதிவில் ஏற வேண்டும். அக்னிவீரர் வெளியே வந்து பத்து வருஷம் வரைக்கும் உரிமை கோர வழி வேண்டும். தீர்ப்பாயம் மதுரைக்கு வர வேண்டும்.

தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் காது கேட்காத முன்னாள் படைவீரர் யாராவது இருந்தால் இந்த வாரம் போய் உட்கார்ந்து பேசுங்கள். கொஞ்சம் சத்தமாக, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ரிலீஸ் மெடிக்கல் போர்டு தாள், பிபிஓ, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டு தாள் இல்லையென்றால் அவருடைய ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதி வாங்க வேண்டும். மனு எழுத உதவுங்கள். நிராகரித்த கடிதம் இருந்தால் கட்டாயம் எடுத்து வையுங்கள், எத்தனை வருஷம் பழையதானாலும் சரி. ஒன்றிய நிர்வாகிகள் மூலமாக வழக்கறிஞர் அணிக்கு நகல் கொடுத்துவிடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.