வளர்ப்பு முயலின் சிறுநீர்ப்பை: அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

வாயில்லாப் பிராணிகளிலும் வாயில்லாதது முயல். நோய் கண்ட நாய் முனகும், பசு கதறும், பூனையும் தன் வருத்தத்தை ஏதேனும் ஒரு விதத்தில் தெரிவித்துவிடும். முயலோ, பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தில் பிறந்தது. வலியைக் காட்டிக்கொள்வது அதற்கு ஆபத்து. ஆதலால் துன்பத்தை மறைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடுகிறது. இத்தகைய பிராணியை வீட்டில் வைத்துப் போற்றுவோருக்கு அதன் உடல்நிலையை அறிய உதவும் சாட்சிகள் சிலவே. அவற்றுள் முக்கியமானது அதன் சிறுநீர்.

ஆயினும் இந்தச் சாட்சியைத் தவறாகப் படிப்பவர்களே மிகுதி. கூண்டின் தட்டில் செந்நிறம் கண்டவுடன் இரத்தமென்று பதறுகிறார்கள். வெண்மையான மாவு போன்ற படிவைக் கண்டால், முயலுக்கு இது இயல்பே என்று துடைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பல வேளைகளில் முன்னது தீங்கற்றதாயும், பின்னது வருங்காலத் துன்பத்தின் முன்னறிவிப்பாயும் இருப்பதுண்டு. இப்பிழைக்கு வளர்ப்போரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. முயலைப்பற்றி நாம் நாட்டு மக்களுக்கு அளித்துவந்துள்ள அறிவே ஒருதலையானது என்பது என் கருத்து.

முயலின் தனி இயல்பு

மனிதனும் நாயும் பூனையும் தமக்கு வேண்டிய அளவுக்கே கால்ஷியத்தைக் குடலில் ஈர்த்துக்கொள்கின்றன. எஞ்சியது மலத்தோடு கழிந்துவிடுகிறது. இக்காரியத்தை மேற்பார்வை செய்வது வைட்டமின் டி. முயலின் குடலோ இம்மேற்பார்வையை அதிகம் எதிர்பார்ப்பதில்லை. தீனியில் கால்ஷியம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மிகுதியாக ஈர்த்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும், வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வீதம், வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களையுடைய பிராணிக்கு இது பொருத்தமான ஏற்பாடே.

ஆனால் மிஞ்சிய கால்ஷியத்தை வெளியேற்றும் பொறுப்பு முழுவதும் சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. பெரும்பாலான பாலூட்டிகளில், சிறுநீரகம் வடிகட்டும் கால்ஷியத்தில் நூற்றுக்கு 2 பங்குக்கும் குறைவே சிறுநீரில் கழிகிறது. முயலில் இது 45 முதல் 60 பங்கு வரை உள்ளது. மேலும் அதன் சிறுநீர் காரத்தன்மை மிக்கது. காரநீரில் கால்ஷியம் கார்பனேட் கரைந்து நிற்பதில்லை. நுண்ணிய படிகங்களாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே வளர்ந்த முயலின் சிறுநீர் ஓரளவு கலங்கியிருப்பது நோயன்று. கலக்கம் மிகுந்து சேறாகும்போதுதான் நோய் தொடங்குகிறது.

செந்நீரின் மயக்கம்

தாவரங்களிலுள்ள நிறப்பொருள்களாலும், முயலின் உடலிலேயே உண்டாகும் போர்பிரின் என்னும் பொருள்களாலும் சிறுநீர் வெளிர்மஞ்சள் முதல் செம்மண் கரைத்த நீரின் நிறம் வரை மாறக்கூடும். முயல் நன்றாக உண்டு, ஓடியாடிக்கொண்டிருந்தால் இந்நிறம் ஒரு சில நாட்களில் தானே மறையும். ஐயமிருப்பின், சோதனைத் தாள் ஒன்றைச் சிறுநீரில் தோய்த்துப் பார்த்தாலும், ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாலும் இரத்தம் உண்டா இல்லையா என்பது சில நிமிஷங்களில் விளங்கிவிடும். இச்சோதனைக்கு ஆகும் செலவு அற்பம்.

இரத்தமே என்று தெளிந்தாலும் அது சிறுநீர்ப்பையிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டக்கூடாது. கருப்பை நீக்கப்படாத பெண் முயல்களிடையே வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று மிகச் சாதாரணமாகக் காணப்படும் நோய். நான்கு வயதைக் கடந்த சில இன முயல்களில் பாதிக்கு மேற்பட்டவை இதற்கு ஆளாகின்றன. அதிலிருந்து கசியும் இரத்தமே சிறுநீரோடு கலந்து தோன்றுகிறது. சிறுநீர்ப்பைக்கு மருந்து கொடுத்து மாதங்களைக் கழித்துவிட்டால், புற்று நுரையீரல் வரை பரவிவிடக்கூடும்.

வெண்சேறும் கல்லும்

சிறுநீர்ப்பையின் அடியில் படிகங்கள் தங்கித் தங்கிப் பல்பசை போன்ற குழம்பாகின்றன. சில முயல்களில் இவை திரண்டு கல்லாகின்றன. இந்நிலையில் முயல் அடிக்கடி சிறுநீர் கழிக்க முயலும். முதுகைக் கூனிக்கொண்டு முக்கும். பற்களை நறநறவென்று கடிக்கும். பழகிய இடத்தை விட்டுக் கண்ட இடத்தில் நீர் விடும். பின்தொடைகளும் வாலடியும் எப்போதும் நனைந்து, மயிர் உதிர்ந்து, தோல் வெந்தாற்போல் சிவந்திருக்கும். அவ்வீரத்தில் ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைப்பதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. சேறு பையின் அடியில் தங்கிவிட, மேலிருக்கும் நீர் மட்டும் தெளிவாக வெளிவருவதும் உண்டு. முன்பு கலங்கியிருந்த நீர் தெளிந்துவிட்டதே என்று மகிழ்வதற்கு முன், முயல் பழையபடி தின்கிறதா, ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். முயல் முக்கியும் நீர் இறங்கவில்லையெனில், மறுநாள் வரை காத்திராமல் அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நீர்த்தாரை குறுகலான ஆண் முயலில் கல் அடைத்துக்கொண்டால், உயிருக்கே ஆபத்து.

கால்ஷியம் மட்டுமா குற்றவாளி?

இதற்குப் பரிகாரம், தீனியில் கால்ஷியத்தை அறவே குறைத்துவிடுவதே என்று சொல்வோர் உளர். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. ஒரே தீனியைத் தின்னும் முயல்கள் பலவற்றுள் ஒன்றிரண்டுக்கே சேறு படிகிறது. குதிரை மசாலை வாரக்கணக்கில் தின்றும் கல்லோ சேறோ உண்டாகாத முயல்களைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கால்ஷியம் மிகுதியாகக் கழிவது ஒன்று. அது பையில் தங்கிப்போவது மற்றொன்று. தங்கச் செய்பவை வேறு: நீர் போதாமை, குறுகிய கூண்டு, உடற்பருமன், மூட்டு வாதம், முதுகெலும்புக் கோளாறு, நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி ஆகியவை. நகர முடியாத முயல் பையை முழுவதும் காலிசெய்வதில்லை. ஆடாமல் வைத்த பானையில் வண்டல் இறங்குவதுபோல் அங்கே சேறு இறங்குகிறது.

மேலும், கால்ஷியம் அளவுக்கு மீறிக் குறைந்தால் எலும்பும் பல்லும் நலிகின்றன. ஒரு நோயை விலக்கப் போய் மற்றொன்றை வரவழைப்பது வைத்தியமாகாது. வளர்ந்த முயலின் உலர்தீனியில் நூற்றுக்கு 0.5 முதல் 1 பங்கு வரை கால்ஷியம் இருப்பது போதுமானது. உலர்ந்த குதிரை மசாலில் இது பெரும்பாலும் 1 பங்குக்கு மேலேயே உள்ளது. ஆதலால் அதனைக் குட்டிகளுக்கும், பாலூட்டும் தாய்க்கும் ஒதுக்கிவிட்டு, வளர்ந்த முயலுக்கு உலர்ந்த புல்லையே முதல் உணவாக்க வேண்டும். அருகம்புல், கொத்துமல்லித் தழை போன்றவை நாள்தோறும் கொடுக்கத் தக்கவை. அகத்தி, முருங்கை ஆகியவை மனிதருக்கு நன்மை செய்வதற்கு அவற்றிலுள்ள மிகுந்த கால்ஷியமும் ஒரு காரணம். அக்காரணம் பற்றியே முயலுக்கு அவற்றை நாள்தவறாமல் கொடுத்தல் தகாது.

நீரே முதல் மருந்து

முயல் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை நீர் அருந்தும். 2 கிலோ எடையுள்ள முயல், 10 கிலோ எடையுள்ள நாய் அருந்தும் அளவு அருந்தக்கூடியது. கூண்டில் தொங்கும் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக நக்கிக் குடிப்பதைவிட, கனமான மண் கிண்ணத்திலோ பீங்கான் கிண்ணத்திலோ வைத்த நீரை அது விரும்பிக் குடிக்கும். கீரையையும் புல்லையும் கழுவி ஈரத்தோடு கொடுத்தால் அதுவும் நீரே. நாள்தோறும் சில மணி நேரமாவது முயலைக் கூண்டுக்கு வெளியே ஓடவிட வேண்டும். படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பணம் வேண்டியதில்லை, கவனமே வேண்டும்.

நோய் முற்றிய முயலுக்கு எக்ஸ்-ரே எடுத்தால் கல்லும் சேறும் வெண்ணிழலாகத் தெளிவாய்த் தெரியும். நீர்ச்சத்து ஏற்றுதல், வலி தணித்தல், மயக்கத்தில் பையைக் கழுவுதல், கல்லாயின் அறுவை செய்து எடுத்தல் ஆகியவை வைத்தியரின் பணிகள். இக்கற்களை மருந்தால் கரைத்துவிட இயலாது. வாழைத்தண்டுச் சாறும், மனிதருக்கான கல் மருந்துகளும் முயலின் வாயில் புகட்டத் தக்கவையல்ல. எல்லாவற்றிலும் கொடிது, வீட்டில் எஞ்சியிருக்கும் பெனிசிலின் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது. வாய்வழி செல்லும் அம்மருந்து குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடக்கூடும்.

செய்ய வேண்டுவன

நம் நாட்டில் முயல் ஆராய்ச்சி நடைபெறாமல் இல்லை. 1962-ல் ராஜஸ்தானத்து அவிகாநகரில் நிறுவப்பட்ட மத்திய ஆட்டின, கம்பள ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் ஹிமாசலப் பிரதேசத்துக் கார்ஸாவிலும் உள்ள அதன் கிளைகளும் இத்துறையில் பயனுள்ள பணி ஆற்றியுள்ளன. ஆனால் அப்பணியின் நோக்கம் இறைச்சியும் ரோமமும். இறைச்சி முயலின் வாழ்வு மூன்று நான்கு மாதங்களில் முடிந்துவிடுகிறது. வீட்டு முயலோ எட்டு, பத்து ஆண்டுகள் வாழக்கூடியது. சிறுநீர்ப்பைச் சேறும் கருப்பைப் புற்றும் நடுவயதில் வருபவை. பண்ணை முயல் அவ்வயதை எட்டுவதே இல்லை. எனவே பண்ணைக்கென எழுதிய நூலை வைத்துக்கொண்டு வீட்டு முயலை வளர்ப்பவருக்கு, நோய் தொடங்கும் இடத்திலேயே நூல் முடிந்துவிடுகிறது.

இக்குறையை நீக்க மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் வயது முதிர்ந்த முயலின் நோய்களுக்கும், அதற்கேற்ற மயக்க முறைக்கும் உரிய இடம் தர வேண்டும். இரண்டாவது, முயல் தீனி விற்போர், பொட்டலத்தின் மேல் கால்ஷியத்தின் அளவையும், அத்தீனி வளரும் குட்டிக்கா, வளர்ந்த முயலுக்கா என்பதையும் அச்சிட வேண்டும். மூன்றாவது, முயல் விற்கும் ஒவ்வொருவரும், வாங்குவோர் கையில் அவர் தாய்மொழியில் ஒரு பக்க அளவுள்ள குறிப்பைக் கொடுக்க வேண்டும்.

நாய்க்கும் மாட்டுக்குமே வைத்தியர் போதாத நாட்டில் முயலுக்கு இவ்வளவு ஆரவாரம் ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை வைத்தியரின் வேலையைக் குறைப்பவையேயன்றிக் கூட்டுபவையல்ல. ஒரு கிண்ணம் நீரும், ஒரு பிடி புல்லும், ஓட ஓர் அறையும் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு அறுவை மேஜை வரை செல்வதே வீண் செலவு. பேசத் தெரியாத பிராணியைக் கூண்டில் அடைத்து, அதன் சுதந்திரத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அதன் தட்டில் தினந்தோறும் எழுதப்படும் செய்தியைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்வது அதற்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்த அளவு கடனாகும்.