தடையா, இழுவையா?



சென்ற வாரம் விடுதியில் முதலாண்டுத் தம்பி ஒருவனிடம், காற்றை எளிதாகக் கடக்கும் வடிவம் ஒன்றை வரையச் சொன்னேன். முன்பக்கத்தை ஈட்டிபோல் கூராக்கினான். பின்பக்கத்தை மொட்டையாக வெட்டி நிறுத்தினான். நம்மில் பலரும் அப்படித்தான் வரைவோம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்லிப் பழகிய 'காற்றுத் தடை' என்ற சொல்லே குற்றவாளி. தடை என்றால் எதிரே நிற்பதல்லவா? கண் முன்பக்கத்தைத்தானே தேடும்?

நடப்பது வேறு. உருண்டைக் கம்பி ஒன்றைக் காற்றோட்டத்தின் குறுக்கே நிறுத்துங்கள். முகத்தில் காற்று மோதி அழுத்துவது உண்மையே. ஆனால் கம்பியை ஒட்டிச் செல்லும் மெல்லிய படலம் உராய்வால் வேகமிழந்து, பின்வளைவைச் சுற்றி வர வலுவின்றிப் பிரிந்துவிடுகிறது. பின்னே சுழல்கள் எழ, அங்கே அழுத்தம் தாழ்கிறது. கம்பி படும் பாட்டில் பெரும்பகுதி இந்தப் பின்புறத்துத் தாழ்வினால் வருவது. எல்லைப் படலம் என்னும் இக்கருத்தை 1904ஆம் ஆண்டில் தந்தவர் ஜெர்மானியரான பிராண்டில். மெல்ல ஒடுங்கும் வால் இருந்தால், கம்பியைப்போல் பத்து மடங்கு தடித்த உடலும் ஏறக்குறைய அதே அளவு பாடுதான் படும்! (ஒலியை விஞ்சும் வேகத்தில் கூர்மூக்கு வேண்டும், அது வேறு கதை.)

ஆகவே 'இழுவை' என்றே சொல்வோம் என்கிறேன். "காற்று தள்ளுமே தவிர இழுக்காதே" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயந்தான். பின்னாலிருந்து தள்ள வேண்டிய காற்று தளர்ந்துபோவதையே இழுவை என்கிறோம். ஆயினும் அச்சொல் மாணவனின் கண்ணைச் சரியான பக்கம் திருப்புகிறது. மின்சாரத்துக்குத் தடை இருந்துவிட்டுப் போகட்டும்.

கோல்ஃப் பந்தைப் பாருங்கள். மேனியெல்லாம் குழி. சொரசொரப்பு கூடினால் தடை குறையும் என்றால் யார் நம்புவார்? குழிகள் படலத்தைக் கலக்கி விடுவதால் அது பந்தை விடாமல் இன்னும் சற்றுப் பின்வரை ஒட்டிச் செல்கிறது, பின்சுழல் ஒடுங்குகிறது, இழுவை குறைகிறது. 1914ஆம் ஆண்டிலேயே பிராண்டில் வழவழப்பான கோளத்தில் கம்பி வளையம் ஒன்றைச் சுற்றி இதைக் காட்டினார்.

இவ்வளவும் கேட்ட தம்பி தாளைத் தலைகீழாகத் திருப்பினான். ஈட்டி வாலாயிற்று.

"முன்பக்கம் மொட்டையாக இருக்கிறதே, அண்ணா?"

"அதை மட்டும் உருட்டிவிடு" என்றேன்.