பட்டாளத்திலிருந்து வந்தவரின் உறங்காத இரவுகள்



கழக்கூட்டத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பட்டாளம் அந்நியமானதன்று. இங்கே 1962 முதல் சைனிக் பள்ளி இயங்கி வருகிறது. சற்று வடக்கே பள்ளிப்புரத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் உள்ளது. நகரத்துக் கட்டட வாசல்களில் காவல் நிற்போரில் பலர் ஓய்வுபெற்ற ராணுவத்தார். அவர்களில் சிலர் நம் சபைகளிலும் கடைசி வரிசையில், கதவருகே அமருகிறார்கள். ஏன் எப்போதும் கதவருகே என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் மாண்டனர். 1999இல் கார்கில் போர் நடந்தது. 2010 ஏப்ரலில் தண்டேவாடாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 75 பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். மாண்டவர்களுக்கு நினைவுக்கல் உண்டு. அருகில் நின்று உயிர்தப்பியவர் வீடு திரும்பி, பிள்ளைகளை வளர்த்து, இன்று நம் நடுவே இருக்கிறார். இருபது வயதில் யாழ்ப்பாணம் சென்றவர் இப்போது அறுபதை ஒட்டியவர். வேலையில் இருந்தவரை அடங்கிக் கிடந்த நினைவுகள், ஓய்வுபெற்று வீட்டில் அமர்ந்தபின் மேலெழும்புவதும் உண்டு.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் துன்பத்தைக் கண்ட பின்பு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 'போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிசார்டர்' என்பது அதன் பெயர். பழைய சம்பவம் கனவில் திரும்ப வரும். பகலிலும் கண்முன் நிற்கும். திருவிழா வெடிச்சத்தம் கேட்டால் உடல் நடுங்கும். கூட்டத்தைத் தவிர்ப்பார், காரணமின்றிச் சீறுவார், மனைவியிடமும் மரத்துப்போனவர்போல் இருப்பார். கேன்டீன் மதுவும் இங்கேதான் நுழைகிறது. குடியை மட்டும் கண்டு கடிந்துகொள்கிறோம். உறங்கப் பயந்து அவர் குடிப்பதை யார் காண்கிறார்கள்?

நம் சபைகளைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய சகோதரர் இரவில் அலறினால் பிசாசின் பிடி என்று முடிவுகட்டி, நாலுபேர் பிடித்து அமுக்கிச் சத்தமிட்டு ஜெபிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தாக்குதலுக்கு உள்ளானவரை மறுபடியும் தாக்குவதற்கு அது ஒப்பாகும். மேடையேறிப் போர்முனை அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும்படி வற்புறுத்துவதும் தீங்கே. ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை. சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தவை அடையும் தண்ணீரும் உறக்கமும்தான். கேள்வி பிற்பாடுதான் வந்தது.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர், அந்த நினைவைப் பாதுகாப்பாக எதிர்கொள்ளச் சிறிது சிறிதாகப் பழக்குவார். பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள் பிடிக்கும். செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். இரண்டாம் வாரமே பலனில்லை என்று நிறுத்துவோர் அநேகர்.

எங்கே போவது என்பது அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதைப் பொறுத்தது; இதில்தான் பலர் அலைகிறார்கள். தரை, கடல், விமானப் படைகளில் ஓய்வூதியம் பெறுவோருக்கு 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் உண்டு, திருவனந்தபுரத்தில் அதன் பாலிகிளினிக் இருக்கிறது. அட்டை இல்லாதவர் டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தவர் இத்திட்டத்தில் சேர்வதில்லை, அவருக்குரியது சி.ஜி.எச்.எஸ். எந்த அட்டையும் இல்லாவிட்டாலும், ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியே சென்றால் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. ஊளம்பாறை என்ற பெயரைக் கேட்டே அஞ்சுகிறவர்களுக்கு இது சற்று எளிதான வாசல்.

உயிரை மாய்த்துக்கொள்வதாக அவர் பேசினால் தனியே விடாதீர்கள். காவல் பணிக்காகத் துப்பாக்கி வைத்திருந்தால் அன்றே அது வீட்டைவிட்டு அகலட்டும். வழக்கு வருமோ என்று அஞ்சி, முயற்சித்ததை மறைக்க வேண்டாம்; 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதுகிறது.

அவர் வர மறுத்தால் மனைவி முதலில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.