சுவர் இடிந்தபின் சித்திரம் எதற்கு?



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில், ஆளுக்கொரு விளையாட்டைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். காற்பந்துக் குழுவில் இடம் கிடைக்காமல் கூடைப்பந்துத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தவன் நான். அன்று தொற்றிக்கொண்ட பித்து இன்றுவரை தீரவில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களை இன்றும் விடாமல் பார்க்கிறேன். என்னைப் போன்ற பித்தர்கள் ஆசிரியர் அறையிலும் சிலர் உண்டு.

ஒவ்வொரு பருவமும் முடிந்தவுடன் எங்களுக்குள் ஓர் ஒப்பாரி எழும். "காயம், காயம் என்று சொல்லியே ஓர் ஆண்டை வீணாக்கிவிட்டார்கள். ஆடாதவனுக்கு எதற்கு இத்தனை கோடி சம்பளம்? எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பெரிய நட்சத்திரம் ஒருவரைக் கொண்டு வரட்டும்!" கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பேச்சு தவறானது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகளோடு பழகும் நம் வாயில் இது வரும்போது, தவறு என்பதைத் தாண்டி ஆபத்தாகவும் மாறிவிடுகிறது.

சான்றாக ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை இறுதிச் சுற்றுக்குச் சென்று, மூன்று முறை வாகை சூடிய குழு. 2019 இறுதிச் சுற்றில் டொரோண்டோ ராப்டர்ஸ் குழுவைச் சந்தித்தபோது, கெவின் டுராண்ட் கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதத்திற்கும் மேலாக வெளியே இருந்தார். குழு 1–3 எனப் பின்தங்கியது. ஐந்தாம் ஆட்டத்தில் அவர் களம் இறங்கினார். பன்னிரண்டு நிமிடங்கள் ஆடி, 11 புள்ளிகள் எடுத்த பிறகு, வலக் குதிகால் நாண் அறுந்து விழுந்தார். அவர் விழுந்ததைக் கண்டு அரங்கில் ஒரு பகுதியினர் ஆரவாரம் செய்தனர். எதிரணி வீரர்களே கையசைத்து அவர்களை அடக்க வேண்டியதாயிற்று. குழுவின் தலைமை மேலாளர் பாப் மையர்ஸ் கண்ணீரோடு, பழி சொல்வதென்றால் தன்மீது சொல்லுங்கள் என்றார்.

மூன்றே நாளில் ஆறாம் ஆட்டம். கிளே தாம்சன் பாய்ந்து இறங்கும்போது இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. உள்ளே அழைத்துச் செல்லப்பட்டவர் பாதி வழியில் திரும்பி வந்து, எதிரணியின் தவற்றுக்காகக் கிடைத்த இரண்டு எறிதல்களையும் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் போனார். மொத்தம் 30 புள்ளிகள். ஆனாலும் ராப்டர்ஸ் 114–110 என வென்று வாகை சூடியது.

அடுத்த பருவத்தில் டுராண்ட் புரூக்ளினுக்குப் போய்விட்டார். தாம்சன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நான்காம் ஆட்டத்திலேயே ஸ்டீபன் கறியின் இடக்கை எலும்பு முறிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடியது ஐந்தே ஆட்டங்கள். குழுவின் கணக்கு: 15 வெற்றி, 50 தோல்வி. மொத்த என்.பி.ஏ.விலும் கடைசி இடம்! பெருந்தொற்றால் நின்ற போட்டிகள் 2020-இல் ஓர்லாண்டோவில் மீண்டும் தொடங்கியபோது இவர்களுக்கு அழைப்பே இல்லை.

அப்போதுதான் 'வீணாய்ப் போன பருவம்' என்ற ஒப்பாரி உச்சத்தை எட்டியது. அடுத்து என்ன தேவை என்று கேட்டால், பெரும்பாலோர் விடை ஒன்றுதான்: பெரிய ஆள் ஒருவர். கடைசி இடத்தின் பலனாகப் புதுமுக வீரர் தேர்வில் இரண்டாம் வாய்ப்பும் கிடைத்தது. கல்லூரியில் மூன்றே ஆட்டங்கள் ஆடியிருந்த ஜேம்ஸ் வைஸ்மேன் என்ற ஏழடி இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாளில், தாம்சனின் வலக் குதிகால் நாணும் அறுந்தது.

பிறகு நடந்தது என்ன? வைஸ்மேன் 39 ஆட்டங்கள் ஆடி, முழங்கால் காயத்தால் அடுத்த பருவம் முழுவதையும் இழந்தார். 2023-இல் வேறு குழுவுக்கு மாற்றப்பட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பையனின் தோளில் ஒரு குழுவின் கனவு முழுவதையும் ஏற்றியவர்களைத்தான் சொல்கிறேன்.

குழு 2022-இல் பாஸ்டனை 4–2 என வென்று மீண்டும் வாகை சூடியது. அதைத் தூக்கி நிறுத்தியவர்களைப் பாருங்கள். அந்த '15–50' பருவத்தில் பந்தைக் கூடைக்குள் போடத் தடுமாறி, பலருடைய கேலிக்கு ஆளான ஜோர்டன் பூல். அவரைக் கீழ்நிலைப் போட்டிகளுக்கு அனுப்பி, பழக்கி, மீண்டும் அழைத்தார்கள். இடுப்பு அறுவை சிகிச்சைகளைக் கடந்து வந்த கெவோன் லூனி. 2019–20-இல் 20 ஆட்டங்களே ஆடியவர், 2021–22-இல் 82 ஆட்டங்களிலும் ஆடினார். 'எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியவர்' என்று முந்தைய குழுவில் ஏசப்பட்ட ஆண்ட்ரூ விக்கின்ஸ். இவரும் அந்த 'வீணாய்ப் போன' பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்தவர்தான். தாம்சனோ 941 நாள்கள் காத்திருந்து, 2022 சனவரியில் திரும்பினார். "இந்த வாரமே வா" என்று எவரும் அவரைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

"கறி இருந்தார், அதனால் வென்றார்கள்" என்று சிலர் மறுப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அவரைப் போன்ற ஒருவர் எல்லாக் குழுவுக்கும் வாய்ப்பதில்லை, நல்லூழும் வேண்டும். ஆனால் 2019–20-இலும் அதே கறி அந்தக் குழுவில்தான் இருந்தார். முறிந்த கையோடு அவரால் என்ன செய்ய முடிந்தது? எவ்வளவு பெரிய சித்திரக்காரரானாலும் சுவர் வேண்டுமல்லவா?

இவ்வளவையும் ஏன் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிச் சபைகூடலில் தாம்சனின் கதையைச் சொன்னேன். தசைநார் கிழிந்த காலோடு திரும்பி வந்து இரண்டு எறிதல்களைப் போட்டாரே, அதுதான் விடாமுயற்சி என்று முழங்கினேன். மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமிதம். அவருடைய 941 நாள்களைப் பற்றி ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மாவட்டப் போட்டிக்கான அஞ்சலோட்டத் தேர்வு. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓடி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். காலுறையைக் கழற்றினால், கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. முதல் நாளே சுளுக்கியிருக்கிறது. வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. "ஏன்டா மறைச்சே?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, கால் போனாலும் ஆடணும்னு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் தாயார் வந்து அழைத்துச் சென்றபோது, "பரவாயில்லைங்க சார், பையன்னா அப்படித்தான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் அடியைவிட வலித்தது. அவன் அந்த ஆண்டு எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

ஆகவே, இதைக் கேட்கிறேன். நட்சத்திர வீரனின் காயத்தைச் 'சாக்கு' என்று நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஏசும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறான்? வலி என்றால் அதை மறைக்க வேண்டும். ஓய்வு என்றால் அது சோம்பல். ஓர் ஆண்டு பின்தங்கினால் தூக்கி எறியப்படுவோம். இவற்றைத்தானே?

நாம் வகுப்பறையில் செய்வதும் இதுவேதான். அம்மை வந்து மூன்று வாரம் வராத பிள்ளையிடம், திரும்பிய முதல் நாளே விடுபட்ட பயிற்சிகள் அனைத்தையும் கேட்கிறோம். ஓராண்டு தேர்ச்சி குறைந்த மாணவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டு, வெளிச்சமாய்த் தெரியும் இரண்டு பேரைப் பிடித்துக்கொள்கிறோம். கடைசி வரிசையில் எத்தனை பூல்கள், எத்தனை லூனிகள் உட்கார்ந்திருக்கிறார்களோ!

காயம்பட்ட பருவத்தின் பின் ஒரு குழுவுக்கு முதலில் தேவைப்படுவது என்ன? காயம் முழுமையாக ஆறும் வரை காத்திருக்கும் பொறுமை. அடுத்து, இருப்பவர்களை வளர்த்தெடுக்கும் உழைப்பு. புதிய நட்சத்திரம் அதற்குப் பிறகுதான். பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான்.

நான் இப்போது தாம்சனின் கதையை இன்னும் சொல்கிறேன். இரண்டு எறிதல்களைச் சொல்லிவிட்டு, 941 நாள்களையும் சேர்த்தே சொல்கிறேன். கைதட்டல் முன்பைவிடக் குறைவுதான். ஆனால் போன மாதம் ஒரு சிறுமி பயிற்சிக்கு நடுவில் வந்து, "சார், முட்டி வலிக்குது, நான் உட்காரட்டுமா?" என்று கேட்டாள்.

உட்காரச் சொன்னேன்.