விரும்பித் தின்கிறதே என்று அள்ளி வைக்கலாமா?

கேள்வி: "எங்கள் கலப்பினப் பசு எட்டு மாதச் சினை. பால் வற்றிவிட்டது. மொலாசஸ் மணக்கும் குச்சித் தீவனம் என்றால் தொட்டியை நக்கித் துடைத்துவிடுகிறது. தினமும் 5 கிலோ வைக்கிறோம். 'மாடு கொழுத்துவிட்டது, கன்று ஈனும்போது கஷ்டம்' என்கிறார்கள். உண்மையா?"
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: உண்மைதான். மாடு எதையும் முகர்ந்து பார்த்தே வாய் வைக்கும். அதன் நாக்கில் சுவை மொட்டுகள் மனிதரைவிட அதிகம்; இனிப்பு மிகவும் பிடிக்கும். தூசி அடங்கவும், மாடு தயங்காமல் தின்னவும்தான் தீவனத்தில் மொலாசஸ் சேர்க்கப்படுகிறது. உடலில் உப்பு குறைந்தால் மாடு உப்பைத் தேடி நக்கும். அதில் நாக்கை நம்பலாம். இனிப்பில் நம்ப முடியாது. பால் வற்றிய மாட்டுக்குத் தேவை குறைவு. மிஞ்சுவது கொழுப்பாகப் படியும்.

கொழுத்த பசு கன்று ஈனச் சிரமப்படலாம். ஈன்ற பிறகு பசி மந்தமாகும், பாலோ கூடும். பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் சேரும். கீட்டோசிஸ் நோய் வரும். அப்போது ஆசையாகத் தின்ற குச்சித் தீவனத்தையே ஒதுக்கிவிட்டு, வைக்கோலை மட்டும் கடிக்கும். மூச்சில் பழுத்த பழம் போன்ற வாசனை வரலாம். பால் சட்டென இறங்கும். அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

அதற்காக இப்போது பட்டினி போடக் கூடாது. சினையின் கடைசியில் தீவனத்தைத் திடீரென நிறுத்தினாலும் கொழுப்பு கரைந்து இதே தொல்லை வரும். ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக 3 கிலோ அளவுக்கு இறக்கலாம். பசுந்தீவனமும் வைக்கோலும் வயிறு நிறையக் கிடைக்க வேண்டும்.

விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாமல், வாலடியின் இரு பக்கமும் மெத்தென்று இருந்தால் கொழுப்பு மிகுதி. 1 முதல் 5 வரையான உடல் நிலை மதிப்பெண்ணில், ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது.

அடுத்த ஈற்றில், பால் குறையத் தொடங்கும்போதே தீவனத்தையும் குறைத்துவர வேண்டும். உடல் பராமரிப்புக்கான தீவனம் போக, 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்பது கணக்கு. தொட்டி காலியானதும் மறுபடி கொட்டாமல், பாலையும் விலாவையும் பார்த்து வைத்தால் மாடும் பிழைக்கும், தீவனச் செலவும் மிஞ்சும்.