காலிக் கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு கோட்டைக்குப்பத்துக்குப் போயிருந்தேன். நண்டு வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். நிஜக் காரணம் வேறு. நண்பனின் அண்ணன் அங்கே வீடு கட்டுகிறார். மீனவர். ‘படிச்ச புள்ள, பார்த்துச் சொல்லு தம்பி’ என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் திணித்தார். சிமென்ட், கம்பி, ஜல்லி என்று பதினாலு டெஸ்ட் சர்டிபிகேட்!

அவர் பயம் நியாயமானது. கடலோர வீட்டுக்கு உப்புதான் முதல் எதிரி. உப்பிலிருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பை விட அதிக இடம் கேட்கும். உள்ளேயிருந்தே முட்டிமுட்டிக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அதனால்தான் ஐ.எஸ். 456 என்கிற 2000-ம் வருஷ விதி, கடற்காற்று படுகிற இடத்துக்குக் குறைந்தது எம்-30 கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது.

பதினாலு தாளை நான் படிப்பதாவது! போட்டோ எடுத்து, போனிலிருக்கும் ஏ.ஐ.யிடம் ‘எல்லா எண்ணையும் பட்டியலாக எடுத்துக் கொடு’ என்றேன். அரை நிமிஷத்தில் வந்தது. ‘சிமென்ட், 28 நாள் பலம்: 53. பாஸ்.’ பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அண்ணன் மூட்டையைத் திருப்பினார். ‘எந்த வாரம் தயாரிச்சதுன்னு இதுலயே போட்டிருக்கே. இன்னும் மூணு வாரம்கூட ஆவல. அதுக்குள்ள 28 நாள் டெஸ்ட் எப்படி தம்பி முடிஞ்சிது?’

எனக்கு வேர்த்துவிட்டது. தாளைப் பார்த்தேன். 3 நாள், 7 நாள் கட்டங்களில் எண் இருந்தது. 28 நாள் கட்டத்தில் இங்கிலீஷில் ‘பின்னர்’ என்று மட்டும். இது சகஜம்தான். 28 நாள் காத்திராமல் சிமென்ட் ஆலையை விட்டுக் கிளம்பிவிடும், முடிவு பிறகு வரும். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் விதி கேட்கும் குறைந்தபட்சம் 53 மெகாபாஸ்கல் என்று அச்சாகியிருந்தது. நம்ம ஆள் அதைத் தூக்கி முடிவாகப் போட்டுவிட்டது!

ஏ.ஐ.க்குள் இருக்கும் மொழி மாதிரியின் அடிப்படை வேலையே, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று ஊகிப்பதுதான். ‘53 கிரேடு’ என்று தலைப்பிருந்தால் கீழே 53 வருவது அதற்கு ரொம்பப் பொருத்தமாகத் தெரியும். இன்டர்வியூவில் ‘தெரியாது சார்’ சொல்ல வெட்கப்பட்டு எதையாவது உளறுவோமே, நீங்களும் நானும், அதே ஜாதி.

மறுபடி கேட்டேன். ‘ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தத் தாள், எந்தக் கட்டம் என்று சொல். விதி வேறு, முடிவு வேறு. இல்லாததற்கு இல்லை என்று போடு.’ இந்தத் தடவை மூன்று இடத்தில் ‘இல்லை’ வந்தது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அந்த மூன்றுதான். மீதியைத் தாளோடு ஒத்துப் பார்த்தோம், சரி. ஆபீஸில் டெண்டர், இன்வாய்ஸ் என்று இதனிடம் நீட்டுகிறவர்கள் இந்த நாலு வரியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்திருப்பார்கள். அண்ணன் சிரித்தார். ‘உன் போனுக்குப் பாடு தெரியல தம்பி. அடுத்தவன் எடத்து மீனை நம்ம கணக்குல எழுதுது!’

இந்தக் கலாட்டாவில் வாங்க வந்ததை மறந்தே போனேன். வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள், ‘நண்டு எங்கே?’

‘பின்னர்’ என்றேன்.